கையால் இயக்கும் பிலிம் கேமரா: பென்டாக்ஸ் கே1000-ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

லென்ஸ் மாற்றக்கூடிய, முழுவதும் கையால் இயக்கும் பிலிம் கேமராக்கள் பல உண்டு. அவற்றின் அடிப்படை ஒன்றே என்றாலும், பொத்தான் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற நுணுக்கங்கள் கேமராவுக்குக் கேமரா மாறும். ஆகவே இந்த வழிகாட்டி பென்டாக்ஸ் கே1000 என்ற ஒரே கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறது. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1976-இல் வெளியிட்ட இந்தக் கேமரா, 1997 வரை பெரிய மாற்றம் ஏதுமின்றித் தயாரிக்கப்பட்டது. இதில் தானியங்கி வசதி எதுவும் இல்லை. செல்ஃப் டைமர்கூடக் கிடையாது. உள்ளே இருக்கும் ஒரே மின்சாதனம் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர்தான். பேட்டரி தீர்ந்துபோனாலும், பிலிமுக்கு முன்னால் கண நேரம் திறந்து மூடும் திரையான ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்கும். நிக்கான் எஃப்எம், கேனான் எஃப்டிபி போன்றவற்றை வைத்திருப்பவர்களும் இங்கே சொல்வதில் பெரும்பகுதியை அப்படியே பயன்படுத்தலாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிலிமில் வீணாகும் படங்களில் பெரும்பாலானவை வெளிச்சத்தைத் தவறாகக் கணித்ததால் வீணாவதில்லை என்பது என் அனுபவம். பிலிம் பற்களில் மாட்டவில்லை, பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை மாற்ற மறந்தாயிற்று, ரோலைத் திருப்பிச் சுற்றும் முன் பின்கதவைத் திறந்தாயிற்று என்பன போன்ற கைத்தவறுகளே ரோல்களைக் கொல்கின்றன. ஆகவே எந்த வேலையை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்ற வரிசையைக் கைக்குப் பழக்கிவிடுவதே முதல் பாடம்.

பழைய கேமராவைச் சோதித்தல்

கே1000 இன்று பழையதாக மட்டுமே கிடைக்கும். வாங்கும்போதே, பிலிம் இல்லாத நிலையில், பின்கதவைத் திறந்து வைத்துச் சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றி, கேமராவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, 1/1000 வேகத்தில் ஷட்டரை இயக்கினால், பின்புறச் சட்டகம் முழுவதும் ஒரு கணம் ஒளி பளிச்சிட வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருண்டு தெரிந்தால் ஷட்டரின் இரண்டு துணித்திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை என்று பொருள். அடுத்து ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்துங்கள். பல்சக்கரம் உருளும் மெல்லிய ஒலி ஒரே சீராக வந்து முடிய வேண்டும், இடையில் தயங்கி நிற்கக் கூடாது.

பின்கதவு பொருந்தும் பள்ளங்களில் ஒளி புகாமலிருக்க ஒட்டப்பட்ட கறுப்பு நுரைப்பட்டை இருக்கும். அது காலப்போக்கில் தார்போல் உருகி விரலில் ஒட்டும். படம் எடுக்கும் கணத்தில் உள்ளே எழும்பும் கண்ணாடி மேலே மோதும் இடத்திலும் இதே நுரைதான். இதை மாற்றுவது கடினமான வேலையன்று. ஆனால் மாற்றாமல் பிலிம் போடுவது வீண். சுத்தம் செய்யும்போது உட்கண்ணாடியையும் ஷட்டர் திரையையும் துணியால் துடைக்கக் கூடாது. அந்தக் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு முன்புறத்திலேயே இருப்பதால் ஒரு தடவை தேய்த்தாலும் கீறல் விழும். தூசியை ரப்பர் ஊதியால் ஊதிவிட்டாலே போதும்.

பேட்டரி கேமராவின் அடிப்பாகத்தில் இருக்கிறது. ஒரு நாணயத்தால் மூடியைத் திருகித் திறந்து, எல்ஆர் 44 அல்லது எஸ்ஆர் 44 வகைப் பொத்தான் பேட்டரி ஒன்றைப் போட வேண்டும். இந்தக் கேமராவின் மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் வழியே வெளிச்சம் வரும் நேரமெல்லாம் அது வேலை செய்துகொண்டே இருக்கும். லென்ஸ் மூடியைப் போடுவதுதான் மீட்டரை அணைக்கும் வழி. மூடியைத் தொலைத்துவிட்டு, பேட்டரி ஏன் நீடிக்கவில்லை என்று வியப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிலிம் போடுதல்

நிழலில் நின்றுகொள்ளுங்கள். இடப்பக்கம் மேலே இருக்கும் ரீவைண்ட் குமிழைப் பிடித்து மேலே இழுத்தால் பின்கதவு திறந்துகொள்ளும். பிலிம் டப்பாவின் துருத்திய முனை கீழ்நோக்கி இருக்குமாறு இடப்பக்கக் குழியில் வைத்து, குமிழை மீண்டும் அழுத்தி இறக்குங்கள். பிலிமின் நாக்கு போன்ற முனையை வலப்பக்கம்வரை இழுத்து, சுற்று உருளையில் உள்ள பிளவு ஒன்றில் செருகுங்கள். வைண்டிங் லீவரை ஒரு முறை மெல்ல இழுத்து, பிலிமின் ஓரத் துளைகள் பற்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். மேலும் கீழும், இரண்டு வரிசைத் துளைகளும் உட்கார்ந்த பிறகே கதவை மூட வேண்டும்.

இங்கேதான் மிக முக்கியமான சோதனை வருகிறது. கதவை மூடியதும் ரீவைண்ட் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில், தளர்வு நீங்கித் தடை தெரியும்வரை மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழைப் பாருங்கள்: அது எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் பிலிம் மாட்டவில்லை. படங்களின் எண்ணிக்கையைக் காட்டும் முள்ளை இதற்கு நம்பக் கூடாது, ஏனெனில் பிலிம் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அது முன்னேறிக்கொண்டேதான் இருக்கும். திருநெல்வேலியில் உறவினர் திருமணம் ஒன்றில் முகூர்த்தம் முழுவதையும் எடுத்து முடித்தேன். எண்ணிக்கை 36-ஐத் தாண்டி 40-ஐ நெருங்கியபோதும் லீவர் இலகுவாகவே ஓடியது. அப்போதுதான் உறைத்தது. உள்ளே பிலிம் போட்ட இடத்திலேயே இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் என் கண் இடப்பக்கக் குமிழுக்குப் போய்விடுகிறது.

எண் 1 வரும்வரை இரண்டு மூன்று வெற்றுப் படங்களைத் தட்டிவிடுங்கள். உடனே, வேறு எதையும் செய்யும் முன், ஐஎஸ்ஓ எண்ணை வையுங்கள். ஷட்டர் வேக வட்டின் வெளிவளையத்தை மேலே தூக்கித் திருப்பினால், வட்டிலுள்ள சிறு ஜன்னலில் எண்கள் நகரும். 20 முதல் 3200 வரை உண்டு. பழைய கேமரா என்பதால் அங்கே ஏஎஸ்ஏ என்று பொறித்திருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். கோடக் கோல்டு என்றால் 200, இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் என்றால் 400. பிலிம் பெட்டியின் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்துக் கேமராவின் பின்புறம் ஒட்டிவைத்தால், ஒரு மாதம் கழித்து எடுக்கும்போதும் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும்.

பரணில் கிடைத்த பழைய ரோலைப் போட்டுப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமை நாடெங்கும் விற்றது. அந்த ரோல்கள் இன்றும் எங்காவது தலைகாட்டுகின்றன. காலாவதியான பிலிமுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் ஒரு படி) வீதம் கூடுதல் வெளிச்சம் கொடுப்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. வெப்பத்தில் கிடந்த பிலிமுக்கு இந்தக் கணக்கும் உதவாது. முக்கியமான நிகழ்ச்சிக்கு அதை நம்ப வேண்டாம்.

வெளிச்சத்தை அளத்தல்

கண்வைத்துக் காட்சியைப் பார்க்கும் வியூஃபைண்டரின் வலப்பக்கம் ஒரு முள் இருக்கிறது. மேலே கூட்டல் குறி, கீழே கழித்தல் குறி. லென்ஸுக்குள் ஒளி புகும் துளையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உதவும் அபர்ச்சர் வளையத்தையோ ஷட்டர் வேக வட்டையோ திருப்பி, முள்ளை நடுவில் கொண்டுவந்தால் அளவு சரி. அபர்ச்சர் எண்கள் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று போகும். எண் ஒரு படி ஏறினால் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. ஷட்டர் வேகமும் அப்படியே: 1/125-இலிருந்து 1/250-க்குப் போனால் ஒளி பாதி. இந்த ஒரு படியைத்தான் ஸ்டாப் என்கிறோம். ஆகவே எஃப் 16 (அதாவது அபர்ச்சர் 16), 1/125 என்பதும் எஃப் 11, 1/250 என்பதும் எஃப் 8, 1/500 என்பதும் பிலிமுக்குத் தரும் ஒளி ஒன்றே. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, ஓட்டத்தை உறைய வைக்க வேண்டுமா, பின்னணியை மங்கவைக்க வேண்டுமா என்ற உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. அபர்ச்சரை இரண்டு எண்களுக்கு நடுவே வைக்கலாம்; ஷட்டர் வட்டை அப்படி வைக்கக் கூடாது.

இந்த மீட்டர் காட்சி முழுவதையும் சராசரியாக்கிப் பார்க்கிறது. அந்தச் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்கிறது. வெள்ளை வேட்டி சட்டையோடு ஒருவர் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் நிற்கிறார் என்றால், முள் சொல்வதை அப்படியே கேட்டால் வேட்டி அழுக்குச் சாம்பலாக வரும். ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூடுதல் ஒளி தர வேண்டும். கோயில் மண்டபத்தின் கருங்கல் தூணைச் சட்டகம் நிறைய வைத்தால் நேர் எதிர்: மீட்டர் தேவைக்கு மேல் ஒளி கேட்கும், தூண் வெளிறிப்போகும். வானம் பாதிச் சட்டகத்தை அடைத்திருந்தால் கேமராவைச் சற்றுத் தாழ்த்தி, தரையைப் பார்த்து அளந்து, அளவை மாற்றாமல் மீண்டும் உயர்த்தி எடுங்கள். இவற்றில் எதுவும் பிடிபடாத இடத்தில் நான் செய்வது ஒன்றுதான்: எந்த வெயிலில் ஆள் நிற்கிறாரோ அதே வெயிலில் என் உள்ளங்கையை நீட்டி, சட்டகம் நிறைய அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்கிறேன். பெரும்பாலானோரின் உள்ளங்கை சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிறியது என்பதால் இது பொருந்துகிறது.

தவறினால் எந்தப் பக்கம் தவறுவது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெகட்டிவ் பிலிம் ஒளி கூடினால் தாங்கும். ஒன்றிரண்டு ஸ்டாப் அதிகமானாலும் நல்ல பிரதி கிடைக்கும். குறைந்தால் நிழல் பகுதிகளில் பதிவே இருக்காது. இல்லாததை எந்த ஸ்கேனரும் கொண்டுவர முடியாது. ஆகவே நெகட்டிவில் நிழலைப் பார்த்து அளவு வையுங்கள். நெகட்டிவ் இல்லாமல் நேர்ப்படத்தையே தரும் ஸ்லைடு பிலிமில் இது தலைகீழ். அங்கே வெளிச்சப் பகுதியைக் காப்பாற்ற வேண்டும்.

பேட்டரி செத்துப்போனால் வெயில் இருக்கிறது. நல்ல வெயிலில் அபர்ச்சரை 16-இல் வைத்து, ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தை வைப்பது பழைய விதி. 100 பிலிமுக்கு 1/125, 200 பிலிமுக்கு 1/250, 400 பிலிமுக்கு 1/500. மெல்லிய மேகம் என்றால் 11, நிழல் விழாத மேகமூட்டம் என்றால் 8, திறந்த வெளியின் நிழலில் 5.6 அல்லது 4. கடற்கரை மணலில் நடுப்பகல் என்றால் 22.

இதே கணக்கு இன்னொரு உண்மையையும் காட்டுகிறது. 400 பிலிமைப் போட்டுக்கொண்டு நம் ஊர்ப் பகல் வெயிலில் நின்றால், கேமராவின் உச்ச வேகமான 1/1000-இல்கூட அபர்ச்சரை 11-க்குக் கீழே திறக்க முடியாது. பின்னணி மங்க அபர்ச்சரை அகலமாகத் திறக்க வேண்டும் என்பதால், அப்படியொரு முகப்படம் எடுப்பது நடக்காது. 100 பிலிம் என்றால் 5.6 வரை வரலாம். அதோடு மூன்று ஸ்டாப் ஒளியைக் குறைக்கும் என்டி 8 ஃபில்டரைத் திருகினால் எஃப் 2 கிடைக்கும். பகலில் வெளியே எடுப்பவருக்கு எந்நேரமும் 400 பிலிமே நல்லது என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை.

ஃபோகஸ்

வியூஃபைண்டரின் நடுவில் உள்ள சிறு வட்டத்தில் நுண்பட்டகங்கள் இருக்கின்றன. ஃபோகஸ் சேராத வரை அந்த வட்டத்துக்குள் உருவம் மினுமினுத்து உடைந்து தெரியும். சேர்ந்ததும் மினுக்கம் நின்று தெளியும். தெளிந்த இடத்தில் நிறுத்திவிடாமல், சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். அப்போதுதான் சரியான புள்ளி கண்ணுக்குத் தெரியும். முகம் என்றால் அருகிலுள்ள கண்ணின் இமையில் சேருங்கள்.

அளவு வைத்திருப்பது 16 ஆனாலும், பார்க்கும்போது லென்ஸ் முழுவதும் திறந்தே இருக்கும். ஷட்டரை அழுத்தும் கணத்தில்தான் அது சுருங்குகிறது. ஆகவே எவ்வளவு ஆழம் தெளிவாக வரும் என்பது வியூஃபைண்டரில் தெரியாது. அதற்கு லென்ஸின் மேல் பொறித்துள்ள ஆழ அளவுகோலைப் படிக்க வேண்டும். நடுக்கோட்டின் இருபுறமும் 4, 8, 11, 16 என்று எண்கள் சமச்சீராக இருக்கும். 28 மிமீ லென்ஸில் அபர்ச்சரை 11-இல் வைத்து, முடிவிலிக் குறியை ஒரு பக்க 11-க்கு நேராகக் கொண்டுவந்தால், மறுபக்க 11 சுமார் 1.2 மீட்டரைக் காட்டும். அதாவது 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவுவரை அனைத்தும் தெளிவு. சந்தையிலோ தேர்த்திருவிழாவிலோ ஃபோகஸ் வளையத்தைத் தொடாமலே கேமராவை உயர்த்தி எடுக்கலாம்.

லென்ஸ் மாற்றுதல்

ரோலின் நடுவே லென்ஸை மாற்றலாமா, பிலிமில் ஒளி பட்டுவிடாதா என்று புதியவர்கள் அஞ்சுவது இயல்பு. பிலிமுக்கு முன்னால் ஷட்டர் திரை மூடியிருப்பதால் ஆபத்தில்லை. ஆனாலும் நேர் வெயிலில் மாற்றாதீர்கள். உங்கள் நிழலையாவது கேமராவின் மேல் விழச்செய்யுங்கள்.

முதலில் மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியைத் தளர்த்தி எட்டும் இடத்தில் வையுங்கள். கேமராவின் லென்ஸ் வளையத்தை ஒட்டியுள்ள சிறு நெம்புகோலை அழுத்திக்கொண்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் லென்ஸைத் திருப்பினால் கழன்றுவரும். கழற்றியதும் கேமராவின் வாயைத் தரைநோக்கிப் பிடியுங்கள். தூசி மேலிருந்து விழும் பொருள். புதிய லென்ஸின் புள்ளியைக் கேமராவின் சிவப்புப் புள்ளியோடு பொருத்தி, கடிகாரத் திசையில் ‘க்ளிக்’ என்ற ஒலி கேட்கும்வரை திருப்புங்கள். ஒலி கேட்காவிட்டால் லென்ஸ் பூட்டிக்கொள்ளவில்லை. நிக்கானில் இந்தத் திசை தலைகீழ் என்பதால் இரண்டையும் வைத்திருப்பவர் அவசரத்தில் பலவந்தம் செய்துவிடக் கூடாது.

கே1000-இல் இருப்பது பென்டாக்ஸ் 1975-இல் கொண்டுவந்த கே மவுண்ட் என்ற லென்ஸ் மாட்டும் அமைப்பு. இந்த மவுண்ட் இன்றைய பென்டாக்ஸ் டிஜிட்டல் கேமராக்கள்வரை தொடர்வதால் லென்ஸ்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அபர்ச்சர் வளையம் இல்லாத புதிய லென்ஸ்களை வாங்காதீர்கள். மாட்டிக்கொள்ளும், ஆனால் அபர்ச்சரை வைக்க வழியிருக்காது. வளையத்தில் ‘ஏ’ என்ற பச்சை எழுத்து உள்ளவற்றை அந்த எழுத்திலிருந்து நகர்த்தி எண்ணில் வைத்துப் பயன்படுத்தலாம். ரஷ்ய ஹீலியாஸ் போன்ற எம்42 திருகு லென்ஸ்களை ஒரு சிறு வளையத்தின் உதவியால் மாட்டலாம். முடிவிலி ஃபோகஸும் கிடைக்கும். அவற்றில் அபர்ச்சர் தானாகச் சுருங்காது என்பதால், திறந்து ஃபோகஸ் செய்து, கையால் சுருக்கி அளந்து, பிறகு எடுக்க வேண்டும்.

மூன்று லென்ஸ்கள் போதும்: குவிதூரம் 28, 50, 135 மிமீ. பென்டாக்ஸின் எம் வரிசையில் 28 எஃப் 2.8, 50 எஃப் 1.7, 135 எஃப் 3.5 ஆகிய மூன்றுக்கும் 49 மிமீ ஃபில்டரே பொருந்தும் என்பது பணப்பைக்கு நல்லது. முதல் ஐந்து ரோல்களுக்கு 50-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் லென்ஸின் குவிதூர எண்ணுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: 50-க்கு 1/60, 135-க்கு 1/250. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், முழங்கைகள் மார்போடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்ட நிலையில் பொத்தானைக் குத்தாமல் மெல்ல அழுத்துங்கள்.

ஃபிளாஷ் பயன்படுத்தினால் ஷட்டர் வேகம் 1/60 அல்லது அதற்குக் குறைவு. அதற்கு மேல் போனால், துணித்திரை கிடைமட்டமாக ஓடும் கேமரா என்பதால், படத்தின் ஒரு பக்கம் செங்குத்தாக இருண்டுவிடும்.

ரோல் முடிந்ததும்

லீவர் பாதியில் இறுகி நின்றால் பிலிம் தீர்ந்துவிட்டது. இழுத்துப் பார்க்காதீர்கள், துளைகள் கிழியும். கேமராவின் அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, இடப்பக்கக் கைப்பிடியை அம்புக்குறித் திசையில் நிதானமாகச் சுற்றுங்கள். கடைசியில் சற்றே தடை கூடி, பிலிம் உருளையிலிருந்து விடுபடும் மெல்லிய ஒலி கேட்கும். பிறகு கைப்பிடி சும்மா சுழலும். மேலும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். எடுத்த ரோலை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காமல் விரைவில் லேபுக்கு அனுப்புங்கள். விமான நிலையத்தில் பிலிமைக் கையால் சோதிக்கும்படி கேளுங்கள்; புதிய சிடி ஸ்கேனர்கள் குறைந்த ஐஎஸ்ஓ பிலிமையும் கெடுக்கும்.

கேமராவை லீவர் இழுத்து வைக்காத நிலையில், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கடலோர ஊர்களில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், லென்ஸுக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சை படரும். கேமராவோடு வந்த அழகான தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், அதற்குள் நிரந்தரமாக வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுப்பதாகும்.

நெகட்டிவ் வந்ததும் ஸ்கேனை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், நெகட்டிவையே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படங்கள் இல்லாமல் ஓரத்து எழுத்துகள் மட்டும் தெளிவாக இருந்தால், டெவலப்பில் குறையில்லை. பிலிம் ஒளியையே காணவில்லை, பற்களில் மாட்டாமல் நின்றிருக்கும் அல்லது ஷட்டர் திறக்காதிருக்கும். ஓரத்து எழுத்துகளும் இல்லையென்றால் தவறு லேபில் நடந்திருக்கிறது. படத்தின் எல்லையைத் தாண்டித் துளைகள்வரை கருமை பரவியிருந்தால் பின்கதவின் நுரைப்பட்டையைப் பாருங்கள். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிலிம் நகர்த்தும் பொறியில் கோளாறு. 1/1000-இல் எடுத்தவற்றில் மட்டும் ஒரு பக்கத்து வானம் மற்றப் பக்கத்தைவிட வெளிறியிருந்தால், முதல் நாள் ஜன்னலோரம் செய்த ஷட்டர் சோதனையை மறுபடி செய்துபார்த்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்வரை 1/500-க்கு மேல் போகாமல் எடுத்துக்கொண்டிருங்கள்.